வாயைக் கட்டச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை முகாமில் அந்த மருத்துவர் முன்வரிசைப் பெண்களைப் பார்த்து, "வாயைக் கட்டினால் வயிறு தானாகக் குறையும்" என்று சொன்னதையும் மேடையே சிரித்ததையும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் மூன்றாவதாக இருந்தவள் என் அக்கா.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய, அதாவது எடை கூடிய பெண்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. இந்தச் சில ஆண்டுகளுக்குள் இத்தனை பெண்களுக்கும் ஒரே நேரத்தில் நாக்கு நீண்டுவிட்டது போலும்!

அக்கா திருப்பூரில் துணி தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறாள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்தவள் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பாள். இடையில் ஒரு டீ, ஒரு போண்டா. வீட்டில் ரேஷன் அரிசியும் இருபத்தைந்து ரூபாய்ப் பாமாயிலும் இருக்கின்றன. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால்தான் கால் கிலோ பீன்ஸ். அவளுடைய எடையைத் தீர்மானிப்பது கூலியும் நேரமும்தான், வாய் அல்ல.

ரேஷன் அரிசியைக் குறை சொல்கிறாயா என்று உடனே சிலர் கிளம்புவீர்கள். இல்லை. அந்த அரிசி இல்லாத காலத்தில் எங்கள் பாட்டி நீராகாரம் குடித்துவிட்டுக் களையெடுக்கப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அரிசி வந்தது போல் பருப்பும் காயும் ஏன் தாராளமாக வரவில்லை என்றுதான் கேட்கிறேன். வசதியானவர்களும்தான் பருமனாக இருக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், வசதி கூடக்கூடப் பருமனும் கூடுவதாகவே கணக்கெடுப்பும் சொல்கிறது. ஆனால் அவர்களை யாரும் முன்வரிசையில் உட்காரவைத்துச் சிரிப்பதில்லை. மருத்துவர் நல்லதற்குத்தான் சொன்னார் என்பவர்களுக்கு, சரி, அப்படியே இருக்கட்டும்.

நடைப்பயிற்சி செய்யவும் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு, விளக்கில்லாத எங்கள் சாலையில், சாக்கடை ஓரமாக, நாய்களுக்கு நடுவே அவரும் ஒருநாள் வந்து நடந்து காட்டினால் நானும் கூடவே வருகிறேன். பேசி முடித்ததும் மேடையில் அவருக்கு நெய் ஒழுகும் மைசூர்பாகு கொடுத்தார்கள், அவரும் மறுக்கவில்லை. அந்த வாயை யார் கட்டுவது?

கூட்டம் முடிந்து வண்டியில் வரும்போது அக்கா ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை காலை அவளுடைய டிபன் பாக்ஸை நான்தான் பையில் எடுத்து வைத்தேன். வழக்கத்தைவிட லேசாக இருந்தது, திறந்து பார்த்தால் பாதிச் சோறு. அன்றைக்கும் ஒன்றரை ஷிப்ட்தான்.