எப்ப நிக்குதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

மூணு வாரம் ஆகியும் கொதிப்பு அடங்கல. அதனாலதான் எழுதுறேன். ஓடிக்கிட்டு இருக்கையிலேயே நின்னுபோற என் ஸ்கூட்டருக்கு ஆறு மாசம், மூணு மெக்கானிக், 3,770 ரூபாய். கடைசியில கோளாறு எங்க இருந்துச்சு தெரியுமா? பெட்ரோல் டேங்க் மூடியில, ஊசி நுழையுற அளவு ஓட்டையில. அதைச் சரிபண்ண எனக்கு ஒரு பைசா செலவாகல.

வண்டி 2016 மாடல், 110 சிசி, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடுறது) வச்ச ஸ்கூட்டர். பள்ளத்தூர்ல இருந்து கோட்டையூர் வழியா தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போய் வர்றேன். காலையில ஒரே உதைக்கு ஸ்டார்ட் ஆகிடும். நாலஞ்சு கிலோமீட்டர் தாண்டினதும் இழுவை குறையும். முறுக்க முறுக்கத் திணறும். திக்கித் திக்கி நின்னுடும். கால் மணி நேரம் ஓரங்கட்டி வச்சா நல்ல பிள்ளையா கிளம்பும். திரும்ப நாலஞ்சு கிலோமீட்டர்ல அதே கதை.

இதை இப்படியே, ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம, மூணு பேர்கிட்டயும் சொன்னேன். யாரும் காது கொடுக்கல. நான் பேசி முடிக்கிறதுக்குள்ள ஸ்பேனர் வண்டிக்குள்ள போயிருச்சு. ஐப்பசி மழையில முதல் ஆள் "தண்ணி ஏறியிருக்கும் தங்கச்சி"ன்னு பிளக் மாத்தினார், கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினார்: 520 ரூபாய். ரெண்டாவது ஆள் "பேட்டரி வீக்"குன்னார், 1,450. அதுக்கும் நின்னுச்சு. "அப்ப பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலாத்தான் இருக்கும்", 600. மூணாவது ஆள் வாயைத் திறந்ததுமே "சிடிஐ போச்சு மேடம்", அதாவது ஸ்பார்க் அடிக்க வைக்கிற சின்னப் பெட்டி, 1,200. அதோட விட்டாரா? "லேடீஸ் ஓட்டுற வண்டின்னா இப்படித்தான், ஆக்ஸிலேட்டரை ஒழுங்கா முறுக்குறதில்ல"ன்னு எனக்கு வகுப்பு வேற எடுத்தார். பன்னெண்டு வருசமா வண்டி ஓட்டுறேன் நான்.

பேட்டரிங்கிறாங்களே, எதை வச்சுச் சொன்னாங்க? வண்டி நடுரோட்டில நின்ன அந்த நிமிஷத்திலயும் ஹாரன் கணீர்னு அடிச்சுச்சு, செல்ஃப் வேகமா சுத்துச்சு. இதையும் சொன்னேன். வோல்ட் அளக்கிற ஒரு மல்டிமீட்டரை எடுத்து வச்சுப் பார்த்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டும். இன்ஜின் ஓடும்போது பதிமூணரை, பதினாலுக்கு ஏறணும். ஏறலைன்னா சார்ஜ் ஆகல, அப்ப புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சாகும். மீட்டர் இல்லாம ரெண்டு வயரை உரசி, பொறி வருதான்னு பார்த்துட்டுத் தீர்ப்பு சொன்னாங்க. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து உருவான சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிற ஊர் இது. பேட்டரியில ஆராய்ச்சியே நடக்குது. அந்த ஊர் பட்டறையில ஒரு மீட்டர் இருக்கக் கூடாதா? சில நூறு ரூபாய்தானே அது?

கரண்ட் அறுந்து நிக்கிற வண்டி பெரும்பாலும் சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுனு நிக்கும். பெட்ரோல் வராத வண்டி திணறித் திணறி நிக்கும். என் வண்டி திணறித்தான் நின்னுச்சு. நின்ன இடத்திலயே பிளக்கைக் கழட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிரும். நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, ஸ்பார்க்கைத் தேடணும். காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரல. கார்பரேட்டர் அடியில இருக்கிற வடிகால் திருகை லேசாத் திறந்து சொட்டுதான்னு பார்த்தா உறுதியாகிடும். இது ராக்கெட் விடுற வித்தையா? முதல் ஆள்கிட்ட ரெண்டாந்தடவை போனப்ப "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறானுங்க, அதான்"னார். சரி, சந்தேகம்னா ஒரு கண்ணாடி பாட்டில்ல வடிச்சுப் பாருங்க, தண்ணி பிரிஞ்சிருந்தா அடியில தங்கும். அதையும் செய்யல.

சித்திரையில ஒரு நாள் ஆத்தாவைக் கண்ணு காட்டக் காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். மருந்து ஊத்தி அனுப்பியிருந்தாங்க, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. கோட்டையூருக்கு முன்னாடி வண்டி நின்னுச்சு. மத்தியானம் ரெண்டு மணி. ஒரு மர நிழல் இல்ல. முந்தானையை முகத்து மேல இழுத்துப் போட்டுக்கிட்டு, மாத்திரை வச்ச ஓலைக் கொட்டானை மடியில இடுக்கிக்கிட்டு, செம்மண் மேட்டுல உட்கார்ந்துச்சு எழுபத்தி ரெண்டு வயசு மனுஷி. நான் உதைச்சுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு நான் அழுதேன். அந்தக் கால் மணி நேரத்தை மூணு பட்டறைக்காரங்களும் எனக்குக் கடன்பட்டிருக்காங்க.

அப்புறம் கிளம்பி நேரா பங்க்குக்குப் போனோம். மூடியைத் திருகினதும் "உஸ்ஸ்"னு காத்து உள்ள இழுத்துச்சு. பெட்ரோல் போடுற தம்பி, பதினெட்டு பத்தொம்பது வயசு இருக்கும், சட்டுனு நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, மூடி ஓட்டை அடைச்சிருக்குக்கா. உள்ள காத்துப் போகல. ஓடிக்கிட்டு இருக்கையில நிக்குதா?"

ஆறு மாசத்துல என்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

எனக்குப் புரியல. பின்னாடி நின்ன ஆத்தாதான் சொன்னுச்சு: "எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெய் இறங்குமாடி? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடணும்ல?" அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து வரணும். வரலைன்னா டேங்க் பெட்ரோலைக் கீழ விடாது. நிறுத்தி வச்சா எங்கயோ கசிஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக் காத்து ஏறும், வண்டி கிளம்பும். பட்டறையில ஏன் ஒருதடவைகூட நிக்கலைங்கிறதும் அப்பத்தான் விளங்குச்சு. அங்க போனதும் "பெட்ரோல் இருக்கா"ன்னு மூடியைத் திறந்துதானே பார்ப்பாங்க! காத்து ஏறிடும். பட்டறை வாசல்ல ரெண்டு சுத்து சுத்திட்டு "நல்லாத்தானே ஓடுது"ம்பாங்க. மூணு பேரும் அந்த மூடியைக் கையில பிடிச்சிருக்காங்க. அந்த "உஸ்ஸ்" அவங்க காதுலயும் விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மூடியைப் பிரிச்சேன். செம்மண் புழுதி, வாட்டர் சர்வீஸ் தண்ணியில குழைஞ்சு, காரை மாதிரி இறுகிக் கிடந்துச்சு. ஊக்கு வச்சுக் குத்தி, ஊதி, கழுவிக் காய வச்சு மாட்டினேன். தேவகோட்டை போய் வந்தாச்சு. இதுவரைக்கும் ஒரு தடவை நிக்கல.

பக்கத்து வீட்டு வண்டி 2020-க்குப் பிறகு வந்த, புதுப் புகை விதிப்படி செஞ்ச பிஎஸ் 6, கார்பரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன். மீட்டர்ல மஞ்சள் விளக்கு எரியுது. கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டாம அவங்களுக்கும் "பேட்டரி"ன்னுதான் சொல்லியிருக்காங்க. பேட்டரியைத் தொட விடாதீங்க, முதல்ல ஸ்கேனரை மாட்டி என்ன கோளாறுன்னு படிக்கச் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

போன சனிக்கிழமை மூணு பட்டறைக்கும் போனேன். காசைத் திருப்பிக் கேட்கல. கழட்டின என் பழைய பிளக், பேட்டரி, காயில், சிடிஐ எல்லாத்தையும் கேட்டேன். ஒண்ணுலயும் பழுதில்லையே, எனக்குச் சொந்தமானதுதானே? முதல் ஆள் பேச்சை மாத்தினார். ரெண்டாவது ஆள், "அது எப்பவோ காயலான் கடைக்குப் போயிருச்சு தங்கச்சி"ன்னார். மூணாவது பட்டறையில, என்னுது மாதிரியே ஒரு வண்டி சீட்டு தூக்கி நின்னுச்சு. சிடிஐயைக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க. வண்டிக்காரம்மா ஓரத்துல ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தாங்க. நான் நேரா அவங்ககிட்ட போய், "அக்கா, இது எப்ப நிக்குது?"ன்னு கேட்டேன்.