ஏழு சீட்டு, ஒரு துடுப்பு

மண்டபத்தில் எங்கள் தெருவில் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்றே ஒன்றுதான். சேகர் அண்ணன் அதைச் சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லித்தான் வாங்கினார். யாருடைய சொந்தம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது விற்கப் போகிறாராம். தங்கச்சிமடத்தில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் மாரி வண்டியைப் பார்க்க வந்தபோது நான் எதிர்த் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "விலை பேசும்போது உண்மை எதையும் உளறிவிடாதீர்கள்" என்று அண்ணி உள்ளேயிருந்து சொன்னது எனக்கே கேட்டது, வாசலில் நின்ற மாரிக்குக் கேட்காமலா இருக்கும்.

(பானட் திறந்து கிடக்கிறது. சேகர் கையில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில்.)

மாரி: என்ன மச்சான், வண்டிக்கு ரத்தப் பரிசோதனையா?

சேகர்: டீசல் பில்டரில் தண்ணீர் இறக்குகிறேன் மாப்ளே. அடியில் ஒரு திருகு இருக்கிறது பார், அதைக் கொஞ்சம் தளர்த்தி, மேலே இருக்கிற கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கினால், இதோ.

(பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். மேலே தேன் நிறத்தில் டீசல், கீழே ஒரு விரற்கடை தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் வரப்பு கட்டின மாதிரி ஒரு கோடு.)

மாரி: பங்க்கில் கலந்துவிட்டார்களா?

சேகர்: பாவம், அவர்களை ஏன் சொல்ல வேண்டும். டேங்க் பாதி காலியாக இருந்தால் மீதி இடத்தில் நம்ம ஊர்க் காற்று நிற்கிறது. ராத்திரி குளிர்ந்ததும் உள்ளே வியர்த்து, தண்ணீர் கனமாச்சே, அடியில் இறங்கிவிடும்.

மாரி: அப்படியானால் டேங்கை நிரப்பி வைக்க வேண்டியதுதானே?

சேகர்: நிரப்பலாம். நிரப்பினால் அன்றைக்கே சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த வாசனை தெற்கே சாயல்குடி வரைக்கும் வடக்கே தொண்டி வரைக்கும் எப்படித்தான் போகிறதோ.

(செல்போன் அடிக்கிறது. சேகர் எட்டிப் பார்த்துவிட்டு, கை படாமல் முழங்கையாலேயே அதைக் குப்புறத் தள்ளுகிறார்.)

மாரி: யாரு?

சேகர்: சாயல்குடி சின்னம்மா. அதை விடு, வண்டியைப் பார். 2013 மாடல். பதிவு 15 வருஷத்துக்கு, 2028 வரைக்கும் ஆர்டிஓ ஆபீஸ் பக்கமே போக வேண்டாம். அப்புறம் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டினால் இன்னும் ஐந்து வருஷம். இரண்டரை லிட்டர் எஞ்சின். ஓடினது 2,14,000 கிலோமீட்டர்.

மாரி: நீ கருவாட்டுக் கடை வைத்திருக்கிறாய், வீட்டுக்கும் கடைக்கும் இடையில் 400 மீட்டர். இரண்டு லட்சம் எங்கே ஓடினாய்?

சேகர்: நான் எங்கே ஓடினேன். ஓட்டினார்கள்.

(மாரி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைகிறான். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.)

மாரி: மச்சான், அடியில் வலை காயப்போட்டிருக்கிறாயா?

சேகர்: துரு மாப்ளே. அது எல்லா வண்டிக்கும் இருக்கிறதுதான். (உள்ளேயிருந்து அண்ணியின் இருமல்.) அதாவது, லேசாக.

மாரி: லேசாகவா? இந்த ஓட்டை வழியாக உன் வீட்டு முருங்கை மரம் தெரிகிறது.

சேகர்: அரிச்சல்முனை ரோடு செய்த வேலை அது. 2017-ல் அந்த ரோட்டைத் திறந்தார்கள் பார், அதற்கு முன்னால் தனுஷ்கோடி பார்க்க வேண்டுமென்றால் மணலில் போகிற வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும், நம்ம சொந்தத்தில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ரோடு வந்ததும் எல்லாருக்கும் 1964 புயல் ஞாபகம் வந்துவிட்டது. இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல், ஆடிக் காற்றில் சாரல் அப்படியே அடியில் அப்பும். வந்ததும் அடியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மாரி: கழுவினாயா?

சேகர்: போர் தண்ணீரில் கழுவினேன்.

மாரி: நம்ம ஊர் போர் தண்ணீரிலா? உப்பைக் கழுவ உப்பா!

சேகர்: வேறு என்ன செய்ய? காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. உன் தங்கச்சி தள்ளுவண்டியில் ஆறு குடம் வைத்து இழுத்துக்கொண்டு வருகிறாள், அதில் இரண்டு குடத்தை எடுத்து வண்டிக்கு ஊற்றினேன் ஒரு நாள். அன்றைக்கு ராத்திரி நான் வண்டியில்தான் படுத்தேன். சீட்டு நன்றாகச் சாயும், அதை எழுதிக்கொள்.

(இது உண்மை. நடு வரிசையில் கால் நீட்டிக்கொண்டு அவர் தூங்கினதைக் காலையில் பால் வாங்கப் போன எல்லாரும் பார்த்தோம்.)

மாரி: சரி, பின்பக்கம் திற.

சேகர்: அது... ஒரு நிமிஷம் இரு. (பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, உடைந்த துடுப்பு ஒன்றை உருவுகிறார். ஒரு கையால் பின்கதவைத் தூக்கி, மறு கையால் துடுப்பை முட்டுக் கொடுக்கிறார்.) இப்போது பார்.

மாரி: என்ன மச்சான் இது?

சேகர்: கதவைத் தூக்கிப் பிடிக்கிற கேஸ் கம்பி இரண்டும் போய்விட்டது. மாற்றினால் சரியாகிவிடும். மூன்று வருஷமாக மாற்றப் போகிறேன்.

மாரி: அந்தப் பக்கம் பாம்பன் ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீள இரும்புத் துண்டை அப்படியே லிப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே தூக்குகிறார்கள், இங்கே நாலடிக் கதவுக்குத் துடுப்பா?

சேகர்: அந்தப் பாலத்துக்குள் போட்டிருக்கிற கம்பி துருப்பிடிக்காத கம்பி மாப்ளே. 1914-ல் கட்டின பழைய பாலத்தை இந்த உப்புக் காற்று என்ன பாடு படுத்தியது என்று பார்த்துவிட்டுத்தான் 2025-ல் புதுசைத் திறக்கும்போது அப்படிச் செய்திருக்கிறார்கள். என் வண்டிக்கு யார் போட்டார்கள்? போன கிடா வெட்டுக்கு மாமா இந்தத் துடுப்பில் வெற்றிலைப் பையை மாட்டினார். கதவு இறங்கிவிட்டது. கிடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாரி: மாமாவுக்கு?

சேகர்: அன்றையிலிருந்து முன் சீட்டுதான் வேண்டும் என்கிறார். முன் சீட்டு என் மாமியாருடையது. சஷ்டியப்த பூர்த்திக்குப் போன அன்றைக்கு இரண்டு பேரும் இறங்காமல், நான் வெளியே நின்றுகொண்டு யோசித்தேன், இந்த ஒரு சீட்டை மட்டும் முதலிலேயே பிடுங்கிப் போட்டிருந்தால் குடும்பம் நன்றாக இருந்திருக்கும்.

மாரி: எனக்கும் அம்மா, அப்பாவோடு சேர்த்து ஏழு பேர் மச்சான், அதனால்தான் கேட்கிறேன். கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்காரலாமா?

சேகர்: தாராளமாக... (இருமல் சத்தம் வருகிறதா என்று பார்க்கிறார். வரவில்லை.) உட்காரலாம். எழுந்திருப்பதுதான். முழங்கால் தாடையில் இடிக்கும். யாரிடமாவது மனஸ்தாபம் இருந்தால் அவரை அங்கே போட்டு மதுரை வரைக்கும் கூட்டிப் போ, அதற்கப்புறம் பேச்சே வராது.

மாரி: சீட்டில் என்ன, வெள்ளை வெள்ளையாகக் கோடு? ஆள் படம் வரைந்த மாதிரி?

சேகர்: அது ஆடி அமாவாசை. தொண்டிக்காரர்கள் எட்டுப் பேரை ராமேஸ்வரம் கூட்டிப் போனேன். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு, அப்படியே சொட்டச் சொட்ட வந்து ஏறினார்கள். 'துணி மாற்றிக்கொள்ளக் கூடாதா' என்றால், 'புண்ணியத்தைத் துவட்டுவார்களா' என்கிறார் மாமனார். நீ வேண்டுமானால் உற்றுப் பார், நடுவில் இருக்கிற அகலமான கோடு அவர்தான்.

(மாரி ஏறி உட்கார்ந்து ஏசியைப் போடச் சொல்கிறான். சேகர் கையை ஒரு துணியில் துடைத்துவிட்டு, சாவியைப் பாதி திருப்பி, அப்படியே காத்திருக்கிறார்.)

மாரி: ஸ்டார்ட் பண்ணு மச்சான்.

சேகர்: பொறு. மீட்டரில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதா? உள்ளே கம்பி சூடேறுகிறது. அணைந்த பிறகுதான் திருப்ப வேண்டும்.

மாரி: இந்த வெயிலில் எஞ்சின் தானாகவே வெந்து கிடக்கும், அதற்குச் சூடு வேறா? அது கண் சிமிட்டுகிற நேரத்தில் அணைந்துவிட்டதே.

சேகர்: நான் பத்து எண்ணுவேன். இந்த வண்டியில் நான் சொல்லி நடக்கிறது அது ஒன்றுதான்.

(எஞ்சின் பிடிக்கிறது. நல்ல சத்தம், அதில் குறை சொல்ல முடியாது. ஏசி காற்று வருகிறது. மாரி முகத்தைத் திருப்புகிறான்.)

மாரி: நெத்திலி.

சேகர்: ஒரே ஒரு தடவை, ஆறு பெட்டி, அவசரத்துக்கு.

மாரி: திருக்கையும் இருக்கிறது.

சேகர்: அது இரண்டாவது தடவை. ஏசியை நிறுத்தினால் நெத்திலி போய்விடும், திருக்கை மட்டும் நிற்கும்.

மாரி: புகை கறுப்பாக வருகிறதே?

சேகர்: டவுனுக்குள்ளேயே உருட்டினால் அப்படித்தான். புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு ஒன்று இருக்கிறதே, இஜிஆர், அதில் கரி அப்பிக்கொள்ளும். பரமக்குடியில் ஒரு மெக்கானிக் கழற்றி, தோசைக்கல்லைச் சுரண்டுகிற மாதிரி சுரண்டிக் கொடுத்தார். மாசத்துக்கு ஒரு தடவை நெடுஞ்சாலையில் நன்றாக மிதித்து ஓட்ட வேண்டும் என்றார். நான் தனியாக மானாமதுரை வரைக்கும் ஒரு ஓட்டம் போய்வரலாம் என்று பார்த்தேன். விஷயம் தெரிந்து ஆறு பேர் ஏறிவிட்டார்கள்.

மாரி: டீசல் காசு கொடுப்பார்களா?

சேகர்: மதுரை போய்வர 300 கிலோமீட்டர். 12 கொடுக்கிறது என்று வை, 25 லிட்டர், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். 'டீசலுக்கு நாங்கள் தருகிறோம்' என்று ஏறும்போதே சொல்வார்கள். இறங்கும்போது என் பையன் கையில் 200 ரூபாயைத் திணித்துவிட்டு, 'பிள்ளைக்குத்தான், நீ வாங்கிக்கொள்ளாதே' என்று என்னைப் பார்த்துச் சொல்வார்கள்.

மாரி: வந்ததும் கொண்டுபோய்ப் பூட்டிவிட வேண்டியதுதானே?

சேகர்: உடனே நிறுத்தக் கூடாதே! வேகமாக ஓடி வந்த டர்போ சூட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், ஆயில் போய்க்கொண்டிருக்க வேண்டும், ஒரு நிமிஷம் சும்மா ஓட விட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் 'பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தானே' என்று ஏறிவிடுகிறார்.

(பக்கத்து வீடு என்று அவர் சொன்னது என்னைத்தான். இரண்டு தடவைதான் ஏறியிருக்கிறேன்.)

மாரி: என் பையன் புதுசாகவே எடுக்கலாம் என்கிறான்.

சேகர்: எடுக்கலாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் வண்டி என்றால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு பில்டர் இருக்கும். அது நிறைந்தால் தானாகவே எரித்துக்கொள்ளும், ஆனால் நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். நீ மண்டபத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் ஓட்டி, பாலத்து மேலே ரயில் பார்க்க நிறுத்தி, எங்கே எரிப்பாய்? சில வண்டிக்கு யூரியாவும் ஊற்ற வேண்டும்.

மாரி: யூரியாவா? என் மாமனாரிடம் இரண்டு மூட்டை கிடக்கிறதே.

சேகர்: மிளகாய்க்குப் போடுகிறது இல்லை மாப்ளே! சுத்தமான தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கலந்து கேனில் விற்பார்கள். நீ மூட்டையைக் கரைத்து ஊற்றினால் அப்புறம் உன் படகில் கட்டித்தான் இழுக்க வேண்டும்.

மாரி: அப்படியென்றால் இதையே முடிப்போம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில் எல்லாப் படகும் கரை ஏறியதில் வேலை நன்றாக வந்தது, கையில் காசு இருக்கிறது. விலையைச் சொல்லு.

சேகர்: ஐந்தே முக்கால்.

மாரி: துருவுக்கு ஒன்று, துடுப்புக்கு அரை, திருக்கைக்குக் கால். நாலு.

சேகர்: நாலா? மாப்ளே, நடு ராத்திரி பிரசவ வலியில் உன் அக்காவை ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனது எந்த வண்டி? கஜா புயல் சமயத்தில் பதினோரு பேர் ஏறினார்களே, ஒரு முனகல் உண்டா? எஞ்சினில் இதுவரைக்கும் ஸ்பானர் பட்டதில்லை, பெல்ட் மட்டும் லட்சத்துக்கு ஒன்று என்று மாற்றியிருக்கிறேன். இதைப் போய் நாலு என்று... போ, நான் விற்கவில்லை.

(உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்று பலமாக வைக்கப்படுகிறது. போன் மறுபடி அடிக்கிறது. சேகரின் கை மறுபடி பில்டருக்குள்.)

சேகர்: திருகை இறுக்கிக்கொண்டிருக்கிறேன், நீ எடுத்து 'வெளியே போயிருக்கிறார்' என்று சொல்லு.

மாரி: ஹலோ... ஆமாம் சின்னம்மா, மாரி பேசுகிறேன்... மச்சானா, வெளியே போயிருக்கிறார்... வண்டியா? இதோ கண் முன்னால் நிற்கிறது... (சேகர் டீசல் கையாலேயே தலையில் அடித்துக்கொள்கிறார்.) எத்தனை பேர்?... ஒன்பதா... பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் சின்னம்மா... அதற்கென்ன, நான் இருக்கிறேனே... சரி, ஐந்து மணிக்கு.

சேகர்: எங்கே?

மாரி: உத்தரகோசமங்கை. ஆருத்ரா அன்றைக்குச் சந்தனம் களைந்திருந்தும் கூட்டத்தில் மரகத நடராஜரைச் சரியாகப் பார்க்கவில்லையாம். இப்போது சந்தனக் காப்போடாவது நிதானமாகப் பார்க்க வேண்டுமாம்.

சேகர்: இங்கேயிருந்து சாயல்குடி போய், அவர்களை ஏற்றி, வந்த வழியே உத்தரகோசமங்கைக்குத் திரும்பி, மறுபடி சாயல்குடியில் இறக்கி... நீ வாங்க வந்தாயா, ஓட்ட வந்தாயா?

மாரி: ஓட்டிப் பார்க்காமல் எப்படி மச்சான் வாங்குவது?

(சேகர் கொஞ்ச நேரம் பாட்டிலில் இருக்கிற தண்ணீரையே பார்க்கிறார். பிறகு பானட்டை மூடுகிறார், இரண்டு தடவை அடித்தால்தான் பிடிக்கிறது.)

சேகர்: சாவி நிலைப்படி ஆணியில் தொங்கும். விளக்கு அணைந்ததும் பத்து எண்ணு. துடுப்பில் யாரையும் பையை மாட்ட விடாதே.

மாரி: டீசல்?

சேகர்: கால் டேங்க் இருக்கிறது. சாயல்குடியில் அவர்களையே போடச் சொல்லு, போட மாட்டார்கள், சொல்லிப் பார். ஆனால் டேங்கை மட்டும் நிரப்பிவிடாதே மாப்ளே, தொண்டிக்காரர்களுக்கு இன்னும் தெரியாது.