நியூகிரேஞ்ச் கெல்ட்டியர் கட்டியது அன்று

அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறையைக் பண்டைய ஐரோப்பிய மக்களான கெல்ட்டியரின் பூசாரிகளாகிய துரூயிதுகள் கட்டினார்கள் என்றும், அதனுள் உள்ள மூன்று சுருள் சின்னம் தந்தை, மகன், தூய ஆவி என்னும் கிறித்தவத் திரித்துவத்தைக் குறிக்கிறது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த நாட்டின் பண்பாட்டின் மீது அவருக்குள்ள பற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் இரண்டுமே தவறு.

பாயின் ஆற்றங்கரையில் அது எழுந்த காலம் ஏறத்தாழ கி.மு. 3200. கீசாவின் பெரிய பிரமிடுக்கு 500 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது அது. கட்டியவர்கள் புதிய கற்கால வேளாண் மக்கள். கெல்ட்டிய மொழியும் துரூயிதுகளும் அந்தத் தீவுக்கு வந்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். கிறித்தவம் அங்கே வேரூன்றியதோ கி.பி. 5ஆம் நூற்றாண்டில்.

டிசம்பர் 21ஐ ஒட்டிய சில விடியல்களில், வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள நடைபாதையின் தரையில் ஊர்ந்து, உள்ளறையை எட்டி மெல்ல விரிந்து, ஏறத்தாழ 17 நிமிடங்களில் விலகிவிடுகிறது. தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967இல் இதை நேரில் கண்டு பதிவு செய்தார். இன்று அக்கீற்று சூரியன் உதித்து சுமார் 4 நிமிடங்கள் கழித்தே நுழைகிறது. பூமியின் அச்சுச் சாய்வு சிறிது மாறியிருப்பதால், கட்டிய காலத்தில் அது உதயத்தோடு சேர்ந்தே நுழைந்திருக்கும். எரியூட்டப்பட்ட மனித எலும்புகள் கிடைத்ததும் அதே உள்ளறையில்தான். ஆண்டின் மிகக் குறுகிய பகலில் இறந்தோரிடம் ஒளியைக் கொண்டு சேர்த்த அந்த நம்பிக்கைக்குத் துரூயிதுகளின் பெயரும் வேண்டாம், திரித்துவத்தின் பெயரும் வேண்டாம்.