பட்டி ஹாலியின் சாவுக்கு விதியைக் காரணம் சொல்லாதீர்கள்

இன்று பிப்ரவரி 3. 1959இல் இதே தேதியில், நள்ளிரவு ஒரு மணி வாக்கில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேசன் சிட்டி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு சின்ன விமானம் சில நிமிடங்களிலேயே வயலில் விழுந்தது. அதில் ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலி இருந்தார், அவருக்கு 22 வயது. அவரோடு சுற்றுப்பயணத்தில் பாடிய ரிச்சி வேலன்ஸுக்கு 17. பிக் பாப்பர் என்று எல்லோரும் கூப்பிட்ட ஜே. பி. ரிச்சர்ட்சனுக்கு 28. விமானத்தை ஓட்டிய ரோஜர் பீட்டர்சனுக்கு 21. ஒருவரும் பிழைக்கவில்லை.

ராக் அண்ட் ரோல் ரசிகர்களுக்கு இது திவச நாள் மாதிரி. வருஷம் தவறாமல் நினைக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் இன்று காலையிலிருந்து கண்ணில் படுகிற பதிவுகளில் முக்கால்வாசி ஒரே கதையைத்தான் சொல்கின்றன. விமானத்தில் விமானி போக மூன்று இடம்தான் இருந்தது, மற்றவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். ஹாலியின் குழுவில் கிட்டார் வாசித்த டாமி ஆல்ஸப்பும் வேலன்ஸும் ஒரு இடத்துக்குப் பூவா தலையா போட்டார்கள், தலை விழுந்தது, பையன் ஜெயித்தான், போய்ச் சேர்ந்தான். பேஸ் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ் தன் இடத்தைக் காய்ச்சலில் இருந்த பிக் பாப்பருக்கு விட்டுக்கொடுத்தார், பிழைத்தார். "உங்க பஸ் உறைஞ்சு நிக்கட்டும்" என்று ஹாலி கேலி செய்ய, "உங்க பிளேன் விழட்டும்" என்று ஜென்னிங்ஸ் பதிலுக்குச் சொன்னார், அந்த வார்த்தை பல வருஷம் அவரை விடாமல் துரத்தியது. இதெல்லாம் உயிரோடு இருந்தவர்களே பிற்பாடு சொன்னவைதான். கடைசியில் எல்லோரும் ஒரே மாதிரி முடிக்கிறார்கள்: தலையெழுத்தை யாரால் மாற்ற முடியும்.

அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் அதோடு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அட்லாண்டிக்குக்கு இரண்டு பக்கமும் பாட்டு ஹிட்டான ஒரு ஆள், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், கர்ப்பமாக இருந்த மனைவியை நியூயார்க்கில் விட்டுவிட்டு, ஜனவரிக் குளிரில் ஹீட்டர் வேலை செய்யாத பஸ்ஸில் ஊர் ஊராக ஏன் போனார்? இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. பதிலில் விதி எங்கேயும் வரவில்லை.

பணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹாலி டெக்சஸில் லப்பக் என்ற ஊர்க்காரர். முதலில் டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது, ஒப்பந்தத்தில் பெயரையே ஒரு எழுத்து விட்டு எழுதினார்கள், அந்தத் தப்பான பெயர்தான் உலகத்துக்குத் தெரிந்த பெயர். 1956இல் அவரை வைத்துப் பதிவு செய்த பாட்டுகள் ஓடவில்லை, கழற்றிவிட்டார்கள். அப்புறம் பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவில் க்ளோவிஸ் என்ற சிற்றூரில் நார்மன் பெட்டி நடத்திய ஸ்டுடியோவுக்குப் போனார். 1957 பிப்ரவரி 25ஆம் தேதி அங்கே பதிவான "தட்ல் பி த டே" செப்டம்பரில் அமெரிக்காவில் முதல் இடத்துக்குப் போனது. பெட்டி நல்ல ஒலிப்பதிவாளர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணிக்கணக்கில் வாடகை வாங்காமல் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கியதால், ஹாலியும் அவருடைய குழுவான கிரிக்கெட்ஸ் பையன்களும் கடிகாரத்தைப் பார்க்காமல் இராத்திரி முழுக்க வாசித்துப் பார்க்க முடிந்தது. ஆனால் அதே பெட்டி மேனேஜராகவும் ஆனார், பாடல் எழுதியவர்கள் வரிசையில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார், ராயல்டி பணமும் அவர் கை வழியாகத்தான் போனது. 1958 கடைசியில் ஹாலி அவரை விட்டு விலகியபோது பணம் அந்தப் பக்கமே சிக்கிக்கொண்டது. பெரிய ஹிட்டுகள் கொடுத்த பாடகருக்குக் கையில் காசில்லை. அந்த நேரத்தில் வந்த வாய்ப்புதான் 'விண்டர் டான்ஸ் பார்ட்டி' என்ற அந்தச் சுற்றுப்பயணம். ஒத்துக்கொண்டார். வேறு வழி இல்லை.

இப்போது அந்தச் சுற்றுப்பயணத்தைப் பாருங்கள். 24 நாளில் 24 ஊர் என்று திட்டம். ஜனவரி 23ஆம் தேதி மில்வாக்கியில் ஆரம்பம். ஒரு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அடுத்த ஊருக்குப் போகிற மாதிரி யாரும் வழி போடவில்லை. விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா என்று மூன்று மாநிலங்களுக்கு நடுவே முன்னும் பின்னுமாக, போன வழியிலேயே திரும்பி வருகிற மாதிரி நிகழ்ச்சிகளை வாங்கிப்போட்டிருந்தார்கள். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் கோழி கிண்டிய மாதிரி இருக்கும். பஸ்கள் வழியிலேயே நின்றன, வேறு பஸ் வந்தது, அதுவும் நின்றது. டுலூத்தில் ஜனவரி 31 நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கிளம்பிய இரவில் பஸ் நடுவழியில் செத்துப்போனது. உள்ளே செய்தித்தாளைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். டிரம்ஸ் வாசித்த கார்ல் பன்ச்சுக்குக் கால் பனிப்புண்ணாகி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள், டிரம்ஸ்காரர் காலில் பனிப்புண். அதற்குப் பிறகும் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. மற்ற பாடகர்கள் மாறி மாறி டிரம்ஸில் உட்கார்ந்தார்கள்.

பிப்ரவரி 2 அவர்களுக்கு ஓய்வு நாளாக இருந்திருக்க வேண்டியது. அதையும் விடவில்லை. க்ளியர் லேக் என்ற ஊரில் சர்ஃப் பால்ரூமில் ஒரு நிகழ்ச்சியை நுழைத்துவிட்டார்கள். அடுத்த நாள் மினசோட்டாவில் மூர்ஹெட், 500 கிலோமீட்டருக்கு மேல், அதே பஸ்ஸில் இராத்திரி முழுக்க. அந்த நிலைமையில்தான் ஹாலி விமானம் வாடகைக்கு எடுத்தார். முன்னாடியே போய்ச் சேர்ந்து, படுத்துத் தூங்கி, நாற்றமடிக்கிற துணிகளை லாண்டரியில் போட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தலைக்கு 36 டாலர். அதே பயணத்தில் இருந்த டியான் என்ற பாடகர், தன்னையும் கூப்பிட்டதாகவும், 36 டாலர் என்பது பிராங்க்ஸில் அவருடைய அப்பா அம்மா கொடுத்துவந்த ஒரு மாத வீட்டு வாடகை என்பதால் மனசு வரவில்லை என்றும் பிற்காலத்தில் சொன்னார். இந்த ஒரு விவரம் எனக்குப் பூவா தலையாவைவிடப் பல மடங்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு இரவு நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒரு மாத வாடகை.

சரி, விமானம். அரசு அமைப்பு விசாரித்து அதே வருஷம் அறிக்கை கொடுத்தது. பீட்டர்சனுக்கு வெளியே கண்ணால் பார்த்து ஓட்டத்தான் தகுதிச் சான்று இருந்தது, கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கான சான்று கிடையாது. அந்தத் தேர்வில் அவர் முந்தைய வருஷம் தோற்றிருந்தார். அவர் வேலை பார்த்த விமானக் கம்பெனிக்கும் அப்படிப் பறக்க அனுமதி இல்லை. அன்று பனி தூறிக்கொண்டிருந்தது, நிலா இல்லை, அந்தப் பக்கம் தரையில் வெளிச்சமும் இல்லை. போகிற வழியில் வானிலை மோசமாகிறது என்ற எச்சரிக்கைகள் அவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதோடு, விமானம் மேலே போகிறதா கீழே போகிறதா என்று காட்டும் கருவி அவர் பழகியதற்கு நேர்மாறாகக் காட்டும் ரகம். மேலே ஏறுகிறோம் என்று நினைத்துக்கொண்டே இறங்கியிருக்கலாம். 21 வயதுப் பையன், முதல் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவனைத் திட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவனை அந்த இரவில் அனுப்பியவர்களும், இவர்களை அந்த பஸ்ஸில் அடைத்தவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள், நிகழ்ச்சி நடக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

நடந்ததும் அப்படித்தான். காலையில்தான் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். அன்று இரவே மூர்ஹெட்டில் நிகழ்ச்சி நடந்தது. ஆள் குறைகிறது என்று உள்ளூரில் அறிவித்து, பாபி வீ என்ற 15 வயதுப் பையனை மேடையேற்றினார்கள். ஜென்னிங்ஸ் ஹாலியின் பாட்டுகளைப் பாடினார். சுற்றுப்பயணம் இன்னும் இரண்டு வாரம் போனது. மனைவி மரியா எலேனாவுக்கு வீட்டில் யாரும் வந்து சொல்லவில்லை, டிவி செய்தியில் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு கரு கலைந்துவிட்டது. இவ்வளவையும் பூவா தலையா என்ற ஒரே கதைக்குள் அடக்கிவிடுகிறோம்.

ரசிகர்களை மொத்தமாகக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். க்ளியர் லேக்கில் 1979இலிருந்து வருஷா வருஷம் இந்த நாளை ஒட்டிக் கூடுகிறார்களே, அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. உறையும் குளிரில் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள், சர்ஃப் பால்ரூமின் அதே மரத்தளத்தில் ஆடுகிறார்கள், ஐம்பதுகளின் உடை போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்தக் கூடம் 2021இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமானது. இடிக்காமல் காப்பாற்றி வைத்தது இந்த ரசிகர்களும் ஊர்க்காரர்களும்தான். விமானம் விழுந்த இடம் இன்னும் தனியார் விவசாய நிலம். மண் சாலையில் பெரிய கறுப்பு மூக்குக்கண்ணாடி ஒன்றை அடையாளமாக நிறுத்தியிருக்கிறார்கள், ஹாலியின் கண்ணாடி மாதிரியே கனத்த சட்டம் போட்டது. அதைத் தாண்டி வேலி ஓரமாக நடந்து போனால் கிட்டார் வடிவத்தில் ஒரு துருப்பிடிக்காத எஃகு நினைவுச் சின்னமும் மூன்று இசைத்தட்டுகளும். 1988இல் ஒரு ரசிகர் செய்து வைத்தது. பீட்டர்சனுக்கு அங்கே எதுவும் இல்லை என்ற குறை ரொம்ப நாள் இருந்தது. 2009இல் அவருக்கும் தனியாக ஒன்று வைத்தார்கள். விமானியை மறக்காத அந்த மனசு இருக்கிறதே, அது பெரிய மனசு.

உண்மையான கண்ணாடியின் கதை வேறு. பனி உருகிய பிறகு வயலில் கிடைத்தது, ஷெரிஃப் அலுவலகத்தில் ஒரு உறைக்குள் போட்டு வைத்தார்கள், அப்படியே மறந்துபோனார்கள். 1980இல்தான் அது வெளியே வந்தது. இப்போது லப்பக்கில் ஹாலி பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"இசை இறந்த நாள்" என்ற பெயர் 1971இல் டான் மெக்லீன் பாடிய பாட்டிலிருந்து வந்தது. செய்தி வந்தபோது அவர் பேப்பர் போடுகிற 13 வயதுப் பையன். அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும், அது அவருடைய துக்கம், அதில் தப்பில்லை. ஆனால் நாமும் அதையே மந்திரம் மாதிரி சொல்வது எனக்கு ஒப்பவில்லை. லிவர்பூலில் சில பையன்கள் 1958இல் முதன்முதலாகக் காசு கொடுத்துப் பதிவு செய்த பாட்டு "தட்ல் பி த டே". கிரிக்கெட்ஸ் என்று ஒரு பூச்சியின் பெயர் இருந்ததால் தாங்களும் ஒரு பூச்சிப் பெயரைத் தேடி, கடைசியில் பீட்டில்ஸ் ஆனார்கள். டுலூத்தில் அந்த ஜனவரி 31 நிகழ்ச்சியில், மேடைக்குப் பக்கத்தில் நின்று ஹாலியைப் பார்த்த 17 வயதுப் பையன் பாப் டிலன். நோபல் பரிசு உரையிலேயே அதைச் சொன்னார். பஸ் பழுதாகிப் பன்ச்சின் காலில் பனிப்புண் வந்தது அதே இரவு. அந்தக் குளிரிலும் ஹாலி பாடியதைக் கேட்டுத்தான் டிலன் வீட்டுக்குப் போனார். எனக்கு அதை நினைத்தால் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

ஹாலிக்கு ஹிட்டான பாடகர் என்று மொத்தம் கிடைத்தது ஒன்றரை வருஷம்தான். அதற்குள் என்ன செய்தார் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். "எவ்ரிடே" பாட்டில் டிரம்ஸ் இல்லை. கிரிக்கெட்ஸின் டிரம்ஸ்காரர் ஜெர்ரி ஆலிசன் தன் தொடையைக் கையால் தட்டுகிறார், அதுதான் தாளம். மேலே செலஸ்டா என்ற கருவியை வாசிப்பது நார்மன் பெட்டியின் மனைவி, பெயர் வை, பொம்மைப் பெட்டியைத் திறந்த மாதிரி சின்னச் சின்ன மணிச்சத்தம். நடுவில் ஹாலியின் குரல், விக்கல் மாதிரி ஒரு சொல்லை மூன்று நான்காக உடைத்துப் பாடுகிற அந்தக் குரல். "பெக்கி சூ"வில் நேர்மாறு, ஆலிசன் டிரம்ஸை நிறுத்தாமல் உருட்டுகிறார், பெட்டி அந்தச் சத்தத்தை எதிரொலி அறைக்குள் அனுப்பியும் நிறுத்தியும் விளையாடுகிறார், அதனால் டிரம்ஸ் கிட்டே வருவதும் தூரப் போவதுமாக இருக்கிறது. 1958 அக்டோபரில் நியூயார்க்கில் வயலின் குழுவோடு "ட்ரூ லவ் வேஸ்" பாடினார். ராக் அண்ட் ரோல் பாடகர் வயலினோடு பாடுவதா என்று யாரும் கேட்கலாம். கேட்டுப் பார்த்தால் கேள்வி போய்விடும்.

அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் வீட்டில், டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தன் கிட்டாரோடு தனியாகப் புதுப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அவர் போன பிறகு அந்த டேப்புகளின் மேல் மற்றவர்களை வைத்து டிரம்ஸும் கோரஸும் சேர்த்து வெளியிட்டார்கள், முதலில் நியூயார்க்கில், அப்புறம் பெட்டியே அறுபதுகளில். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவைதான் பிடிக்கும், அது வேறு. எனக்கு அவை ஒருவர் பேசும்போது நாலு பேர் குறுக்கே பேசுவது போலத்தான் இருக்கின்றன.

இன்றைக்கு ஹாலிக்காக ஏதாவது செய்ய நினைப்பவர்கள் அந்த விமானத்தின் படத்தைப் போடாதீர்கள், அதில் மனிதர்கள் கிடக்கிறார்கள். அந்த வீட்டு டேப்புகளில் எதுவும் சேர்க்காத மூலப் பதிவுகள் இப்போது கிடைக்கின்றன. "க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்" பாட்டின் மூலப் பதிவைத் தேடிப் போடுங்கள். சேர்க்கை இல்லாததுதானா என்று பார்த்துப் போடுங்கள், இரண்டும் ஒரே பெயரில் கிடக்கின்றன.