தாழையை யார் அள்ளுவது?

சிட்னியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு வியாழக்கிழமை போண்டாய் கடற்கரைக்குப் போனேன். பாறையோரம் கட்டிய நீச்சல் குளம், கடல் அலை மதிலைத் தாண்டி உள்ளே வந்து விழும். படத்தில் பார்த்து அவ்வளவு ஆசையாகப் போனால் குளம் காலி. வியாழன்தோறும் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவுவார்களாம். மேலே நின்று ஒரு மணி நேரம் அதைத்தான் பார்த்தேன். சுவரெல்லாம் பச்சைப் பாசி. ரெண்டு பேர் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டே நகர, அவர்களுக்குப் பின்னால் தரை வெள்ளையாகத் தெரிந்துகொண்டே வந்தது. அந்தப் பாசியை அப்படியே விட்டால் கால் வைத்தவர் வழுக்கி விழ வேண்டியதுதான்.

மறுநாள் சிட்னியிலேயே கூஜி கடற்கரையில் மெக்கைவர்ஸ் குளம். பெண்களும் குழந்தைகளும் மட்டும் குளிக்கும் இடம். 1922 முதல் பெண்கள் நீச்சல் சங்கமே நடத்துகிறது. பாட்டிமார்கள், முக்காட்டோடு நீந்தும் பெண்கள், பயந்து பயந்து இறங்கும் சிறுமிகள். கீழக்கரையில் கூடப் படித்த தோழிகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

எங்கம்மா மண்டபத்தில் கடலுக்குள் மூழ்கிக் கடற்பாசி எடுத்தவர். விரல் ஒவ்வொன்றிலும் கிழிசல் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு மூழ்குவார். நான் படிக்க வேண்டும் என்பதற்காக என்னைக் கடலில் இறக்கவே இல்லை. இன்றுவரை எனக்கு நீச்சல் தெரியாது. 1966-ல் நீச்சல் வீரர் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்த கடல் இது. 1994-ல் சிறுவன் குற்றாலீஸ்வரன் கடந்த கடல். இதன் கரையில் பிறந்த பெண் பிள்ளைகள் நீந்திப் பழக ஓர் இடம் கிடையாது. திருக்கை முள்ளுக்கும் சொறி மீனுக்கும் இழுக்கிற நீரோட்டத்துக்கும் பயப்படாமல், நாலு பேர் பார்வைக்கும் கூசாமல் இறங்க, இடுப்பளவு ஆழத்தில் மதில் கட்டிய ஒரு கடல் குளம் நம் பக்கம் வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "உள்ள தாழை அடைச்சா யாருடி அள்ளுவா?"

தாழை என்று நாங்கள் சொல்வது கடல் புல்லை. அம்மா கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. சிட்னியில் ஓதம் சில நாள் ரெண்டு மீட்டர்கூட ஏறி இறங்கும். அலையும் அடித்துக் குளத்துத் தண்ணீரை மாற்றும். நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், ஒரு மீட்டர்கூடக் கிடையாது. பெண் கடல் என்று சும்மாவா சொன்னார்கள்? மதிலை நாலு பக்கமும் அடைத்தால் தண்ணீர் கெட்டுப்போகும். வத்தும்போது வெளியேறவும் பெருகும்போது நுழையவும் அடியில் வலை போட்ட வழி விட வேண்டும். அந்த வலையில்தான் தாழை வந்து அடைக்கும், நாள் தவறாமல். தேவிபட்டினத்தில் ஒரு தை அமாவாசைக்கு கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி வந்தபோது யாரோ விட்ட சேலை என் காலைச் சுற்றிக்கொண்டது. பதறிப்போய்விட்டேன். நாங்களும் அன்று நவதானியத்தைத் தண்ணீரில்தான் போட்டோம். அடைபட்ட கடல் தன்னைத் தானே கழுவிக்கொள்ளாது.

அதனால் அடிக்கல்லுக்கு முன்னால் கூட்டுகிறவரின் சம்பளம் முடிவாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கடற்கரையில் போட்ட சறுக்குப் பலகையும் கைப்பிடிக் கம்பியும் உப்புக் காற்றில் துருவேறிக் குழந்தைகள் கையைக் கிழிக்கிற நிலையில் நிற்கின்றன. திறந்த அன்று மாலையோடு நின்றவர்கள் பிறகு வரவில்லை. கடல் குளத்துக்கும் அந்தக் கதி வந்தால் பெற்றவர்கள் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

எங்கே கட்டுவது என்பதைக் கரைவலை இழுப்பவர்களைக் கேட்டு முடிவு செய்யட்டும். பவளப்பாறை மேலேயோ தாழைப் படுகை மேலேயோ ஒரு கல்கூட விழக் கூடாது. 1986-லேயே மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது அவற்றைக் காப்பாற்றத்தான். கடல் பசு மேய்கிற இடத்தைக் கெடுத்து என் பிள்ளை நீச்சல் பழக வேண்டாம்.

அம்மா இப்போதே ஆள் பார்த்துவிட்டார். மூச்சுப் பிடிக்க முடியாமல் பாசிக்குப் போவதை நிறுத்திய நாலு பெண்கள். கடல் எப்போது வத்தும், எப்போது பெருகும் என்று காலண்டர் பார்க்காமலே சொல்வார்கள். மாதம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார்.