தமிழ் அலமாரிக்கு ஆள் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையின் பொதுக்குழுவில் நடந்தது, கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். தமிழ்ப் புத்தகம் எடுக்க ஆள் இல்லையாம், அந்த அலமாரியை மாடிக்கு ஏற்றிவிடலாமாம். ஆதாரமாகக் கமிட்டிக்காரர்கள் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்கள். எனக்குப் பேச நேரம் தரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதிவேட்டில் இருப்பது புத்தகம் கிடைத்தவர்களின் பெயர். கிடைக்காமல் திரும்பிப் போனவர்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? எதைத் தேடி வந்தீர்கள் என்று ஒருவரையாவது கேட்டீர்களா?

என் சித்தி மகள் தமிழ் மீடியத்தில் படித்தவள். அரசு வேலைக்கான கேரள பி.எஸ்.சி. தேர்வில் மொழிச் சிறுபான்மையினர் தமிழில் வினாத்தாள் கேட்டு வாங்கலாம். அதற்குப் படிக்க ஏதாவது இருக்குமா என்று பார்க்கத்தான் அங்கே போனாள். இருந்ததெல்லாம் அட்டை கிழிந்த துப்பறியும் நாவல்கள். மேசையில் இருந்தவர் என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினாள். அங்கே கடைகளில் கிடைத்தது தமிழ்நாட்டுத் தேர்வுக்கான கைடு. கேரள வரலாறும் நம் பஞ்சாயத்து நிர்வாகமும் அதில் எங்கே இருக்கும்? கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா மலையாள கைடை வாசித்துச் சொல்லச் சொல்ல, இவள் தமிழில் எழுதிப் படித்தாள். உங்கள் கணக்கில் இவளும் இல்லாத ஆள்தான்.

"இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், மலையாளம் படித்தால் என்ன?" என்று கேட்பீர்கள். படிக்கிறோம், பேசுகிறோம். ஆனால் என் அம்மா சின்ன வயதில் கற்றது தமிழ் எழுத்து மட்டும். இதே சித்தூர் தாலுகாவில் பிறந்தவர். சாயங்காலம் ஒரு தமிழ்ப் பேப்பரும் வார இதழும் பார்க்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். முட்டிவலியோடு அவரை மாடி ஏறச் சொல்கிறீர்கள். பிறந்த ஊரில் இதைக் கேட்க வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது. வீட்டு வரியோடு நூலக செஸ்ஸும் நாங்கள் கட்டுகிறோம்.

பணம் போதவில்லை என்று நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் மொபைலில்தான் படிக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படியானால் மலையாள அலமாரியையும் அல்லவா மாடிக்கு ஏற்ற வேண்டும்?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் ஒன்று. அந்த வாசகர் யார், அவருக்கு என்ன தேவை என்று தெரியாமல் அவருக்கான நூலை எப்படி வாங்குவீர்கள்? வருஷா வருஷம் ஜூன் 19 வாசிப்பு தினத்தில் பி.என்.பணிக்கர் படத்துக்கு மாலை போடுகிறோம். ஊர் ஊராகப் போய் நூலகம் வளர்த்த மனிதர் அவர். நீங்கள் ஊர் ஊராகப் போக வேண்டாம். வாசல் ஏறி வருகிறவரிடம் கேட்டால் போதும்.

கமிட்டி அடுத்து கூடுவதற்குள் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். எதைத் தேடி வந்தோம், கிடைத்ததா என்று வருகிறவர்கள் எழுதட்டும். எழுதக் கூச்சப்படுகிறவர்களிடம் வாயால் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். நோட்டை நானே வாங்கித் தருகிறேன்.