ஒரு நாள் ஓய்வெடுத்தால் தசை கரைந்துவிடுமா?

"ஒரு நாள் உடற்பயிற்சியை விட்டாலும் சேர்த்த தசையெல்லாம் கரைந்துவிடும், உடம்பு வலித்தாலும் நிறுத்தாதே" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. நம்பிச் செய்தால் ஆபத்தும்கூட.

எடை தூக்கும்போது தசைக்கு அழுத்தம்தான் கிடைக்கிறது. உடல் அதைச் சரிசெய்து புதுப் புரதம் சேர்க்கும் வேலை, பயிற்சி முடிந்து 24 முதல் 48 மணி நேரம் வரை நீள்கிறது. ஆரோக்கியமானவர்கள் இரண்டு வாரம் முழுக்க நிறுத்தினாலே வலிமை பெரிதாகக் குறைவதில்லை. ஒரு நாளில் என்ன போய்விடும்?

பயிற்சி மிஞ்சிப்போனால் உடம்பே சொல்லும். வழக்கமாகத் தூக்கும் எடை மலையாய்க் கனக்கும். அசந்து கிடந்தும் தூக்கம் வராது. காரணமில்லாத எரிச்சல், அடிக்கடி சளி. காலையில் எழுந்திருக்கும் முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். வழக்கமாக 60 இருப்பது சில நாள்களாக 70ஐத் தொட்டால், உடல் இன்னும் தேறவில்லை என்று கொள்ளலாம் (காய்ச்சலும் மன அழுத்தமும்கூட இப்படி ஏற்றும்). முற்றவிட்டால் மீள மாதக்கணக்காகும்.

கடும் பயிற்சிக்குப் பின் தாங்கமுடியாத தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.